86 வீடு, 14 விளக்கு

ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஊருக்கு வெளியே தனி வீடுகள் கட்டி விற்கிறார்களே, அப்படி ஒன்றை வாங்கி, இரண்டே கால் வருஷம் குடியிருந்து, நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வெளியே வந்தவள் நான். வாங்குவதற்கு முன் இதையெல்லாம் எனக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது, அந்த அளவுக்கு அந்த மலை என்னை மயக்கி வைத்திருந்தது. கட்டியவர் பெயரையோ அந்த இடத்தின் பெயரையோ எழுதப் போவதில்லை. இன்னும் அங்கே குடியிருக்கும் சிலரின் வீட்டு மதிப்பை நான் வேறு குறைக்க வேண்டாம்.

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். 2017-ல் ஓய்வு. கணவர் அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்விட்டார், பையன் கனடாவில். நங்கநல்லூரில் சொந்த ஃபிளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி ஆரம்பித்த நேரத்தில், சென்னையில் ஒரு ஓட்டலில் வீட்டுக் கண்காட்சி நடந்தது, தோழி ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். அங்கே விற்ற இடம் கோயம்புத்தூரிலிருந்து பேரூர் தாண்டி, சிறுவாணி ரோட்டிலிருந்து உள்ளே போகும் கிளைச்சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர். ப்ரோஷர் படத்தில் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, முன்னால் ஒரு பெஞ்சில் வயதான தம்பதி. சாப்பாட்டுக்கூடம், 24 மணி நேர நர்ஸ், ஆம்புலன்ஸ், பஜனை மண்டபம், பிசியோதெரபி என்று எல்லாம் இருந்தது. அடுத்த மாதமே வேனில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஆகஸ்ட் மாதம், லேசான சாரல், மலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. இலை போட்டுச் சாப்பாடு, வரும்போது கையில் ஒரு வெள்ளிக் காசு. விற்பனைக்கு வந்த பையன் பேச்சுக்குப் பேச்சு “அம்மா, அம்மா” என்றான். என் பையனிடமிருந்து அந்த வாரம் ஒரு போன்கூட வரவில்லை என்பதும் இந்தக் கணக்கில் சேரும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று சென்ட் மனையில் 900 சதுர அடி வீடு, 44 லட்சம். ஐம்பதாயிரம் கொடுத்து புக் செய்தேன். அடுத்த ஆறு வாரத்துக்குள் 12 லட்சம் கட்டச் சொன்னார்கள், “இந்த விலை இந்த மாதத்தோடு சரி” என்று. கட்டினேன். ஒப்பந்தம் பதிவானது அதற்கு மூன்று மாதம் கழித்து. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. என் கணக்கில் 4 லட்சத்து 40 ஆயிரத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்தது 2022-ல். ஒப்பந்தம் கைக்கு வராமல் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். விலை ஏறாது, அடுத்த மாதமும் அதே விலையைத்தான் சொல்வார்கள்.

அந்தச் சட்டப்படி அமைந்த ரெரா ஆணையத்தின் பதிவு எண் இருந்தது, டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி இருந்தது, பெரிய பேங்க்கில் கடன் கிடைக்கும் என்றார்கள். இந்த மூன்றும் இருந்தால் போதும் என்று நினைத்தேன். மூன்றும் உண்மைதான், அதுதான் வேடிக்கை. பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்ற மனையை வாங்கி 2016 செப்டம்பரில் ஹைகோர்ட் பத்திரப்பதிவைத் தடை செய்தபோது மாட்டிக்கொண்டவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. அதனால் அந்தப் பக்கம் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். நான் மாட்டியது வேறு இடத்தில். அந்தப் பதிவு எண் முதல் ஃபேஸுக்கு, அதாவது திட்டத்தின் முதல் கட்டத்துக்கு மட்டும்தான். சட்டப்படி ஒவ்வொரு ஃபேஸும் தனித் திட்டம், தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ப்ரோஷரில் இருந்த சாப்பாட்டுக்கூடம், கிளினிக், மண்டபம் எல்லாம் வரைபடத்தில் மேற்கு ஓரத்தில், மூன்றாவது ஃபேஸில் இருந்தன. அந்த நிலம் அப்போது அவர்கள் பெயரிலேயே இல்லை. ஒரு விவசாயியோடு கிரய ஒப்பந்தம் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் வேண்டும், கோவையில் ஹாக்கா என்பார்கள், அதுவும் வாங்கவில்லை. கடைசியில் அந்த நிலம் அவர்கள் கைக்கு வரவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க வக்கீல் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். ப்ரோஷர் வரைபடத்தையும் ரெரா தளத்தில் ஏற்றியிருக்கும் மனைப்பிரிவு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நீங்கள் எந்த வசதிக்காக வாங்குகிறீர்களோ அது எந்த சர்வே நம்பரில் வருகிறது என்று கேளுங்கள். அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை தளத்திலேயே பார்க்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு மத்தியான வேலை. நான் என் மனையின் சர்வே நம்பருக்கு முப்பது வருஷ வில்லங்கம் எடுத்து வரி வரியாகப் படித்தேன், கிளினிக் மனைக்கு எடுக்கத் தோன்றவில்லை.

வீடு 2019 டிசம்பரில் கிடைக்க வேண்டும். கிடைத்தது 2021 பிப்ரவரியில். நடுவில் கொரோனா, அதனால் யாரையும் திட்டவும் முடியவில்லை. ஃபிளாட்டை 58 லட்சத்துக்கு விற்றுவிட்டு அதே தெருவில் வாடகைக்கு இருந்தேன். தாமதமான 14 மாதத்துக்கு மட்டும் வாடகை, மாதம் 14,000 வீதம், 1 லட்சத்து 96 ஆயிரம். சாவி கொடுக்கும் அன்று ஒரு தாளை நீட்டினார்கள்: வீட்டைத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. வாசலில் சாமான் லாரி நிற்கிறது, கையெழுத்துப் போட்டால்தான் சாவி. போட்டேன். தாமதத்துக்கு மாதாமாதம் வட்டி கேட்க சட்டத்தில் இடம் இருந்தது, அந்தக் கையெழுத்தைக் காட்டியே பின்னால் என் வாயை அடைத்தார்கள். லாரியை முதலில் வரச்சொல்லாதீர்கள். சாவி வாங்குவது ஒரு நாள், குடிபோவது இன்னொரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமென்றால் “தாமதத்துக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள், அந்தத் தாளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடிபோன முதல் நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வாசலில் வந்து நின்றேன். எதிர் வரிசை முழுக்க இருட்டு. சரி, கொரோனா காலம், எல்லாரும் மெதுவாக வருவார்கள் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தேன். விற்றுப்போன வீடு 86. ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது 14-ல். நான் அங்கிருந்த காலம் முழுக்க அது 16-ஐத் தாண்டவில்லை. மற்ற வீடுகள் சென்னை, பெங்களூர், துபாய், சிங்கப்பூர்க்காரர்களுடையவை. பாதிப்பேருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு நாள் அவருக்குக் கொடுத்த ப்ரோஷரை அனுப்பினார். அதே வீடு, அதே மலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பதியைக் காணோம், அந்த இடத்தில் மேலே ஏறும் அம்புக்குறி. ஐந்து வருஷத்தில் இரண்டு மடங்கு, மாத வாடகைக்கு உத்தரவாதம் என்று போட்டிருந்தது. எனக்கு நிம்மதியை விற்றார்கள், அவர்களுக்கு விலையேற்றத்தை விற்றார்கள். கட்டியவருக்கு இரண்டும் ஒன்றுதான், வீடு போனால் சரி. ஆனால் குடிவருகிறவர்களின் காசில் நடக்க வேண்டிய ஒன்றை, குடிவரவே போகாதவர்களுக்கு விற்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் 14 வீட்டுக்காரர்கள் பார்த்தோம்.

முதலில் போனது சாப்பாடு. சாப்பாட்டுக்கூடம் வரும்வரை ஒரு காலி வீட்டில் சமையல் நடந்தது, தலைக்கு மாதம் 7,000. நாற்பது பேராவது சாப்பிட்டால்தான் கட்டும் என்றார் காண்ட்ராக்டர், நாங்கள் 22 பேர். ஐந்தாவது மாதம் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. அப்புறம் மாதம்பட்டிப் பக்கம் ஒரு மெஸ்ஸிலிருந்து டிஃபன் கேரியரில் வரவழைத்தோம், மழை நாளில் வராது. அடுத்து மெயின்டனன்ஸ். வீட்டுக்கு 4,000 வீதம் 86 வீட்டுக்கு 3 லட்சத்து 44 ஆயிரம் வர வேண்டும். வந்தது 92,000. “நாங்கள் அங்கே குடியில்லையே, எதற்குக் கட்ட வேண்டும்?” என்பது வெளியூர்க்காரர்களின் வாதம். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் தெரியும், ஆனால் தெருவிளக்கு 14 வீட்டு வாசலில் மட்டும் எரியாதே. நர்ஸ் வேலையை விட்டு நின்றார், ஒரு வாட்ச்மேனும் நின்றுவிட்டார், தோட்டக்காரர் வாரத்துக்கு ஒரு நாள் ஆனார்.

இதில் கார்பஸ் ஃபண்ட், அதாவது பொதுப் பராமரிப்புக்கென்று ஆரம்பத்திலேயே வாங்கிவைக்கும் வைப்பு நிதியின் கதை தனி. வீட்டுக்கு ஒரு லட்சம், ஆக 86 லட்சம் கட்டியவர் கையில் இருந்தது. ஆறு சதவீதம் வட்டி போட்டாலும் மாதம் 43,000 வரும், இரண்டு வாட்ச்மேன் சம்பளத்துக்குப் போதும். வீட்டு உரிமையாளர் சங்கம் பதிவானதும் அதன் பெயருக்கு மாற்றிவிடுகிறோம் என்றார்கள். சங்கம் பதிவு செய்ய முக்கால்வாசி உரிமையாளர்கள் கையெழுத்து வேண்டும் என்று அவர்களே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். துபாயில் இருப்பவரிடம் எங்கே போய்க் கையெழுத்து வாங்குவது? கார்பஸ் எந்தக் கணக்கில் போகிறது, எந்தத் தேதியில் சங்கத்துக்கு வரும், வராவிட்டால் என்ன வட்டி என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நான் அந்தப் பக்கத்தைப் படித்தபோது தொகையை மட்டும்தான் பார்த்தேன், தேதி இல்லை என்பதைப் பார்க்கவில்லை.

தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் பக்கத்து ரோடு வழியாகத்தான் கோவைக்குப் போகிறது, எங்களுக்குச் சொட்டு கிடையாது. இரண்டு போர்வெல், ஒன்று 900 அடி, இன்னொன்று 1,100 அடி. அந்த இரண்டாவது போர்வெல், முதல் கோடையிலேயே வற்றி வெறும் காற்றைக் கக்கியது. மார்ச்சிலிருந்து மே வரை லாரித் தண்ணீர். இப்போது யாராவது சைட் பார்க்கக் கிளம்புகிறேன் என்றால் நான் சொல்வது, ஆகஸ்டில் போகாதீர்கள், ஏப்ரல் கடைசியில் போங்கள், அதுவும் வேனில் அல்ல, டவுன் பஸ் பிடித்துப் போங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேளுங்கள். பால் ஊற்றுகிறவரையும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரையும் பிடித்து, உள்ளே எத்தனை வீட்டுக்குப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கு ஒன்றும் விற்க வேண்டியதில்லை, உள்ளதைச் சொல்வார்கள். இருட்டும்வரை இருந்து விளக்கை எண்ணுங்கள். வாரநாளில் எண்ண வேண்டும், சனி ஞாயிறில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள், கணக்குத் தப்பும்.

என் வீட்டு வேலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா வருவார். ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார், “ஏனுங்க டீச்சரம்மா, இத்தனை வூடும் ஆருக்குங்க கட்டி வெச்சிருக்காங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த இடம் முன்பு வாழையும் மஞ்சளும் போட்ட நிலம், அவர் அங்கே களை எடுத்திருக்கிறார். மனைப்பிரிவு வந்த பிறகு ஊருக்குள் சென்ட் விலை ஏறி, அவர் பையன் கல்யாணமானதும் தனியாக வீடு கட்டிக்கொள்ள ஒரு சென்ட் வாங்க முடியவில்லை. “பூட்டி வெக்கறதுக்கு எடமிருக்குது, குடியிருக்க எடமில்லீங்க” என்று சிரித்தார். எங்கள் கிழக்குச் சுவர் ஒரு பழைய வாய்க்காலை மறித்துக் கட்டியது. மழை வந்தால் பக்கத்துப் பாக்குத்தோப்பில் தண்ணீர் நிற்கும், தோப்புக்காரர் வந்து எங்களிடம்தான் சண்டை போடுவார், ஏனென்றால் விளக்கு எரிகிற வீட்டில்தானே கதவைத் தட்ட முடியும். ரோடு குண்டும் குழியுமானபோது பஞ்சாயத்துக்குப் போனோம். ரோட்டையும் பூங்காவையும் தானப்பத்திரம் எழுதிப் பஞ்சாயத்துக்குக் கொடுத்துவிட்டதாக ஆவணம் சொல்கிறது, மனைப்பிரிவு அனுமதிக்கே அது நிபந்தனை. ஆனால் வாசலில் கேட் போட்டு ஆளை விடாமல் வைத்திருக்கிறீர்களே, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்படி இரண்டு பக்கமும் இல்லாமல் போனோம்.

2021 நவம்பரில் ஒரு ராத்திரி, மழை, கரண்ட் இல்லை, பாத்ரூமில் விழுந்தேன். வலது மணிக்கட்டு. மெழுகுவர்த்தியைத் தேடக்கூட முடியாமல் தரையில் உட்கார்ந்தபடியே இடது கையால் 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி சீக்கிரம்தான் வந்தது, ஆனால் வந்து நின்றது இரண்டாவது ஃபேஸின் ஆர்ச்சில். அரைகுறையாக நிற்கும் ஆர்ச், அதிலும் எங்கள் பெயர்தான், அதற்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் வழி கிடையாது, தகரத் தடுப்பு. மெயின் கேட் பூட்டியிருந்தது, ராத்திரி வாட்ச்மேன் நின்று இரண்டு மாதமாகியிருந்தது, சாவி ஏழாவது தெருவில் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரரிடம். டிரைவர் போனில் “ஆர்ச்சுக்கிட்டதான் நிக்கறோம்மா, எந்த வூடுங்க, எல்லாமே இருட்டா இருக்குதுங்களே” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டார்ச்சை ஜன்னலில் வைத்து ஆட்டினேன், அது அவருக்குத் தெரியாத பக்கம். கையில் இருந்த வலியைவிட அந்த முக்கால் மணி நேரம்தான் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தட்டுப் பொருத்தினார்கள், பையன் கனடாவிலிருந்து வந்து மூன்று வாரம் இருந்தான். விற்றுவிடு என்று அவன் சொல்லவில்லை, நானே சொன்னேன்.

விற்பது அவ்வளவு சுலபமா? 2022 ஏப்ரலில் விளம்பரம் கொடுத்தேன், 60 லட்சம் என்று. அதே இடத்தில் என்னைப்போல் 31 வீடு விற்பனைக்கு வந்திருந்தது, எல்லாம் பூட்டிய புது வீடு, என்னுடையது புழங்கிய வீடு. போதாக்குறைக்கு கட்டியவரே இரண்டாவது ஃபேஸை தங்கக் காசோடு விற்றுக்கொண்டிருந்தார். என் ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து, ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்று. வாங்கும்போது அது எனக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரர்களுக்குக் கட்டியவர் எப்படி விற்றார் என்று கேட்டால், அப்பா அம்மா பெயரில் என்றார்கள். பதினான்கு மாதம் ஆனது. 2023 ஏப்ரலில் அரசு, பத்திரப்பதிவுக்குக் கணக்கில் எடுக்கும் வழிகாட்டி மதிப்பை உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. மதிப்பு ஏறியதை மட்டும் சொல்லி, கட்டணம் குறைந்ததைச் சொல்லாமல், வாங்க வந்தவர் இன்னும் ஒரு லட்சம் குறைத்தார். 37 லட்சத்து 50 ஆயிரம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீடு 44, வரியும் பத்திரச் செலவும் 4.80, கார்பஸ் 1, அலமாரி, கிரில், இன்வெர்ட்டர் வகையில் 3.20, மொத்தம் 53 லட்சம். புரோக்கருக்கு 75,000 போக கையில் வந்தது 36.75. நேர் நஷ்டம் 16 லட்சத்து 25 ஆயிரம், அந்த 14 மாத வாடகையையும் சேர்த்தால் 18 லட்சத்துக்கு மேல். லாரித் தண்ணீரையும், வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியையும் சேர்க்கவில்லை. நங்கநல்லூர் ஃபிளாட் இன்று என்ன விலை என்று விசாரிக்க வேண்டாமென்று முடிவு செய்திருக்கிறேன்.

திரும்ப ஒரு முறை செய்வதாக இருந்தால் ஒன்றே ஒன்றுதான் மாற்றிச் செய்வேன், கட்டி முடித்த இடமாகப் பார்த்து, அங்கே ஒரு காலி வீட்டில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். எங்கள் இடத்தில் பூட்டிக் கிடந்த வீடுகளை மாதம் 8,000 ரூபாய்க்குக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு 48,000. ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிடலாம். அப்புறம் அந்த ப்ரோஷர். என்னுடையதை வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். விளம்பரத்தில் சொன்ன பொய்க்கும் கட்டியவர் பொறுப்பு என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ப்ரோஷர், வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோ, அந்த “அம்மா” பையன் அனுப்பிய மெசேஜ் எல்லாமே சாட்சி. அங்கே மிச்சமிருப்பவர்களில் 11 பேர் சேர்ந்து கார்பஸுக்காக ரெராவில் புகார் கொடுத்திருக்கிறார்கள். ரயில்வேக்காரர் ஒரு ப்ரோஷரைக்கூட எறியாமல் வைத்திருந்தார், அதுதான் அவர்களுக்கு இப்போது கை கொடுக்கிறது.

நான் வடவள்ளியில் வாடகைக்கு இருக்கிறேன், தரைத்தளம், பக்கத்திலேயே மெடிக்கல் ஷாப், எதிரே பஸ் ஸ்டாப், ராத்திரி பத்து மணிவரை ஹாரன் சத்தம். போன வாரம் அந்த வேலைக்கார அம்மா போன் செய்தார். நான் வைத்த முருங்கையில் காய் தொங்குகிறதாம். வாங்கியவர் குடிவந்துவிட்டாரா என்று கேட்டேன். “எங்கீங்க, பூட்டினது பூட்டினபடிதானுங்க இருக்குது” என்றார். விற்பதற்கு வைத்திருக்கிறார் போல, வாசலில் போர்டு தொங்குகிறதாம். காய் முற்றிப்போவதற்குள் பறிக்கலாமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். வாங்கியவரின் எண் என்னிடம் இருந்தது, மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. பறித்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.